பெரியகுளத்தில் ஒரு ஃபுல் டிக்கெட்!

எட்டு வயசிலேயே பஸ்ஸில் ஃபுல் டிக்கெட் வாங்கிய பார்ட்டி நான்! பஸ் கம்பியில் அரை டிக்கெட்டுக்கு என்று ஒரு கோடு போட்டு வைத்திருப்பார்களே... அதை மூணாங்கிளாஸிலேயே தாண்டிவிட்டேன். ‘‘பாப்பாவுக்கு எட்டு வயசுதான் சார் ஆகுது. ஆளுதான் வளந்துட்டா’’ என்று அம்மா கெஞ்சுவார். கண்டக்டர் என் தலையைப் பார்ப்பார், கோட்டைப் பார்ப்பார், பேசாமல் ஃபுல் டிக்கெட்டைக் கிழித்து அம்மா கையில் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

அந்தக் கோடு என்னை விடவே இல்லை. ஏழாங்கிளாஸில் எங்கள் பி.டி. மாஸ்டர் கிளாஸ் வாசலில் வந்து நின்று, வரிசையில் உயரமாகத் தெரிந்த என்னை மட்டும் கூப்பிட்டார். நேராக பாஸ்கெட் பால் கோர்ட்டுக்குக் கூட்டிப் போய் ரிங்குக்குக் கீழே நிறுத்தினார். ‘‘இங்கயே நில்லு. பந்து வந்தா புடி. புடிச்சா மேல போடு. ட்ரிபிள் மட்டும் பண்ணாத!’’

ஏழு வருஷம் அப்படியே நின்றேன். பாஸ்கெட் பாலில் ஐந்து பேருக்கும் நம்பர் உண்டு. 1 என்றால் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்டு. 2 ஷூட்டர். 3, 4 என்றால் ஃபார்வர்டு. 5 என்றால் ரிங்குக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் சென்டர். நம்ம ஊர் கோச்சுகள் பாஷையில் ‘பிவட்’. நான் நிரந்தர 5! அந்த அஞ்சாம் நம்பர்தான் எனக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் சீட்டும், ஃபீஸ் சலுகையும் வாங்கிக் கொடுத்தது.

போன வருஷம் எங்கள் டீமுக்கு ஒரு ஜூனியர் வந்தாள். 185 சென்டிமீட்டர். நான் 176. ரொம்ப நல்ல பொண்ணு, என்னை ‘அக்கா’ என்று வேறு கூப்பிடுவாள். கோபப்படக்கூட வழியில்லை! கோச் சிம்பிளாகச் சொல்லிவிட்டார். ‘‘5-ல இனி அவ ஆடட்டும். உனக்கு அந்த ஹைட் பத்தாது. நீ 3-க்கு மாறிடு. ஜூலை செலக்‌ஷன்ல பாப்போம்.’’

மாறிடு என்றால்? பந்தைத் தட்டவே கூடாது என்று வளர்ந்த பெண் இப்போது தட்டிக்கொண்டு ஓட வேண்டும். வெளியே நிற்கிற வேகமான ஆட்களை மடக்க வேண்டும். முடியாவிட்டால் டீம் போச்சு. டீம் போனால் சலுகை போச்சு. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இந்த நிலைமையில்தான் எடிட்டோரியலில் இருந்து போன். ‘‘லீவுதானே? ஏதாவது ஒரு ஊருக்குப் போயிட்டு வந்து எழுதும்மா.’’ யோசிக்கவே இல்லை. ‘‘பெரியகுளம் சார்!’’ என்றேன்.

மாங்காயும் மேட்ச்சும்

கோடை வந்தால் பெரியகுளத்துக்கு ரெண்டே சீஸன். ஒன்று மாம்பழம். இன்னொன்று பாஸ்கெட் பால்! சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டி அறுபது தடவைக்கு மேல் நடந்தாகிவிட்டது. ராணுவம், வங்கி, ரயில்வே, மின்வாரியம் என்று எங்கெங்கோ இருந்து டீம்கள் தேனி மாவட்டத்து இந்தச் சின்ன ஊரைத் தேடி வந்து ஆடுகின்றன. எனக்கு இன்னொரு வசதி, என் சித்தி வீடு தென்கரையில் இருக்கிறது. ஓசி சாப்பாடு!

மதுரை ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறினேன். உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டி கணவாயில் பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி இறங்கியதும் காற்றே மாறிவிடுகிறது. தேனியில் இறங்கி வேறு பஸ். இடது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே ஓடி வருகிறது. பெரியகுளத்தை நெருங்கும்போது ரோட்டோரம் மாங்காய்க் கூடைகளாக அடுக்கியிருந்தார்கள். ஊரின் நடுவில் வராக நதி. ஆற்றுக்கு வடக்கே வடகரை, தெற்கே தென்கரை. சித்தி வாசலிலேயே நின்றிருந்தார். ‘‘ஏ நெட்டச்சி... நிலை இடிக்கும், குனிஞ்சு வா!’’

சாயங்காலம் சித்தப்பாவோடு கோர்ட்டுக்குப் போனால்... அடேயப்பா! கைலி கட்டின பெரியவர்கள், மடியில் குழந்தையோடு அம்மாக்கள், டியூஷன் பையோடு பொடிசுகள் என்று திருவிழாக் கூட்டம். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, ‘‘மூணு செகண்ட் ஆச்சு, விசில் ஊதலையே!’’ என்று ரெஃப்ரியைத் திட்டினார். எங்கள் காலேஜில் மேட்ச் பார்க்க வருபவர்களில் பாதிப் பேருக்கு மூணு செகண்ட் ரூல் என்றால் என்ன என்றே தெரியாது! (பந்து தன் டீம் கையில் இருக்கும்போது எதிராளி ரிங்குக்குக் கீழே பெயின்ட் அடித்த கட்டத்துக்குள் மூணு செகண்டுக்கு மேல் டேரா போடக் கூடாது. அவ்வளவுதான்.)

‘காலைப் பாரு தாயி!’

அன்றைய ஆட்டத்தில் ஒரு டீமின் சென்டர் ஆறே முக்கால் அடிக்குக் குறையாமல் இருந்தார். அவரை மடக்க எதிர் டீம் விட்ட ஆள் அவர் காதளவுகூட இல்லை. ‘போச்சு, இன்னிக்கு இந்த அண்ணன் காலி’ என்று நினைத்துக்கொண்டேன். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் அவித்த கடலை உரித்துக்கொண்டிருந்த பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

‘‘நீ ஆட்டக்காரியா தாயி?’’

‘‘ஆமா தாத்தா. சென்டர். இல்ல... சென்டரா இருந்தேன்.’’

‘‘அப்ப மேல பாக்காத. அந்தக் குட்டையன் காலைப் பாரு.’’

பார்த்தேன். நெட்டை அண்ணனுக்குப் பந்து வருவதற்கு முன்பே குட்டை அண்ணன் அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். பின்னால் நின்று தடுத்தால்தானே உயரம் பிரச்னை? முன்னால் நின்றால் பாஸ் கொடுப்பவர் தலைக்கு மேலே தூக்கித்தான் போட வேண்டும். தூக்கிப் போட்ட பந்து வந்து சேர நேரமாகும். அந்த நேரத்தில் இன்னொரு டிஃபண்டர் பின்னாலிருந்து ஓடி வந்துவிடுகிறார். மூன்று தடவை அப்படியே பந்து பறிபோனது.

அடுத்தது ரீபவுண்ட். ஷாட் போனதும் எல்லார் கண்ணும் பந்தைப் பார்த்து மேலே போகிறது. குட்டை அண்ணன் மட்டும் பந்தைப் பார்க்காமல் முதலில் நெட்டை அண்ணன் எங்கே இருக்கிறார் என்று பார்த்தார். திரும்பி, முழங்காலை மடக்கி, தன் இடுப்பை அவர் தொடையில் கொடுத்து நிலத்தில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிட்டார். இதுதான் பாக்ஸ் அவுட். எவ்வளவு உயரமாக இருந்தாலும் ரிங்கை விட்டு ரெண்டடி தள்ளி நின்றால் எம்பி என்ன புண்ணியம்? எங்கள் ஸ்டாட்டிக்ஸ் பாடத்தில் வருகிற புவிஈர்ப்பு மையம், கண் முன்னால் கைலி கட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது!

ஆனால் எல்லா தடவையும் குட்டை அண்ணன் ஜெயிக்கவில்லை. நின்ற இடத்திலேயே பந்து சரியாகக் கைக்கு வந்துவிட்டால் நெட்டை அண்ணன் சும்மா திரும்பி ரிங்கில் வைத்துவிட்டு வந்தார். அப்போது ஒன்றும் செய்ய முடியவில்லை. உயரம் உயரம்தான். அதைப் பொய் என்று சொன்னால் அது சினிமா டயலாக்.

பெரியவர் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவராம். ஃபுல் டிக்கெட் கதையைச் சொன்னேன். கடலையை விட்டுவிட்டுச் சிரித்தார். ‘‘என்ன செய்யச் சொல்ற? நூறு பேரு ஏறுற பஸ்ஸுல ஒவ்வொருத்தர் வயசையுமா விசாரிக்க முடியும்? கோடு இருந்தா வேலை சுளுவு. அதான் கோடு.’’

பி.டி. மாஸ்டர் ஞாபகம் வந்தது. ஒரு கிளாஸில் அறுபது பேர். அவருக்கும் கோடு இருந்தால் வேலை சுளுவு.

பத்தடி எப்படி வந்தது?

இந்த விளையாட்டே ஒரு அளவில் பிறந்ததுதான். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்டு நகர ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் உள்ளேயே ஆட ஒரு விளையாட்டு வேண்டுமே என்று ரெண்டு பழக்கூடைகளை எடுத்து ஜிம்மின் பால்கனியில் அடித்து மாட்டினார். அந்த இடம் தரையிலிருந்து பத்து அடி உயரத்தில் இருந்தது. அவ்வளவுதான் விஷயம்! பெரிய ஆராய்ச்சி எல்லாம் இல்லை. அந்தப் பால்கனி எட்டடியில் இருந்திருந்தால் நம்ம தலையெழுத்தே மாறியிருக்கும். இன்றைக்கும் ரிங்கின் உயரம் அதே பத்தடி, அதாவது 3.05 மீட்டர்.

ரிங் மாறவில்லை, ஆட்கள் மாறினார்கள். ஆறடி பத்து அங்குல ஜார்ஜ் மைக்கன் மாதிரி ஆட்கள் ரிங்குக்குள் விழப் போகிற பந்தையே தட்டிவிட ஆரம்பித்ததும், 1944-ல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் அதைத் தடை செய்தார்கள். அதே மைக்கனை ரிங்கிலிருந்து தள்ளி வைக்க, 1951-ல் என்.பி.ஏ. ஆறடி அகலக் கட்டத்தைப் பன்னிரண்டு அடியாக்கியது. ஏழடி ஒரு அங்குல வில்ட் சேம்பர்லின் வந்தார். 1964-ல் அது பதினாறு அடியானது. உயரமானவர்களைப் பார்த்து ரூல் புத்தகமே பயந்திருக்கிறது!

ஆனால் அதே என்.பி.ஏ-வில்தான் ஐந்தடி மூன்று அங்குல மக்ஸி போக்ஸ் 14 சீஸன் ஆடினார். 1993-ல் ஏழடி பேட்ரிக் யூயிங்கின் ஷாட்டையே பிளாக் செய்தார். எப்படி? பந்து மேலே போன பிறகு இல்லை, மேலே கிளம்பும்போதே கையை வைத்துவிட்டார். ஆறடி ஏழு அங்குல டெனிஸ் ராட்மேன், தன்னைவிட உயரமான சென்டர்களை எல்லாம் தாண்டி 1992-லிருந்து 1998 வரை தொடர்ந்து ஏழு சீஸன் ரீபவுண்டில் முதலிடம். 2015 ஃபைனலில் கோல்டன் ஸ்டேட் டீம் தன் ஏழடி சென்டரை உட்கார வைத்துவிட்டு, ஆறடி ஆறு அங்குல ட்ரேமண்ட் க்ரீனை சென்டராக விட்டு கோப்பையைத் தூக்கியது.

க்ரீன் விஷயத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. ரெண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து இன்னொரு விரல் நுனிக்கு ஏழடி ஒரு அங்குலம்! பெரும்பாலானவர்களுக்கு விரித்த கை கிட்டத்தட்ட உயரத்தின் அளவுதான் இருக்கும். அவருக்கு ஏழு அங்குலம் கூட. தலை எங்கே இருக்கிறது என்பதைவிட கை எங்கே போகிறது என்பதுதானே பந்தைத் தடுக்கும்? அதனால்தான் என்.பி.ஏ-வில் ஆள் எடுக்கும்போது உயரத்தோடு கை விரிப்பு, நின்றபடி கை எட்டும் உயரம், உள்ளங்கை அகலம், பக்கவாட்டு ஓட்டம் எல்லாவற்றையும் அளக்கிறார்கள்.

இது எல்லாம் படித்துத் தெரிந்து வைத்திருந்தேன். ஆனால், என் கையை நான் அளந்ததே இல்லை!

வொர்க்‌ஷாப் டேப் வேலை செய்தது

மறுநாள் காலை ஆறரை மணி. பிராக்டீஸ் நேரத்துக்கு காலேஜ் வொர்க்‌ஷாப்புக்காக வாங்கிய ஸ்டீல் டேப்போடு போய் நின்றேன். (மெக்கானிக்கல் புத்தி போகாதுல்ல!) முந்தின நாள் ஆடிய நெட்டை அண்ணனும் குட்டை அண்ணனும் வேறு வேறு டீமாக இருந்தாலும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். ‘‘தங்கச்சி, அளவெடுத்து சட்டை தைக்கப் போறியா?’’ என்று கலாய்த்துவிட்டு எழுந்து சுவரோரம் நின்றார்கள்.

நெட்டை அண்ணன் உயரம் 203 சென்டிமீட்டர். கை விரித்தால் 202. குட்டை அண்ணன் உயரம் 190. கை விரித்தால்... 203! டேப்பை ரெண்டு தடவை வைத்துப் பார்த்தேன். அதேதான்.

‘‘ஓ... அதான் நேத்து என் சட்டையைப் புடிச்சுட்டே இருந்தியா?’’ என்றார் நெட்டை அண்ணன்.

‘‘இப்ப உன்னை அளக்கலாம், வா’’ என்று குட்டை அண்ணன் டேப்பை வாங்கிக்கொண்டார். நான் சுவரில் முதுகை ஒட்டி நின்று கையை விரித்தேன். டேப்பின் ஒரு முனையை நெட்டை அண்ணனும் மறு முனையை அவரும் பிடித்தார்கள்.

187!

உயரத்தைவிட 11 சென்டிமீட்டர் கூட. ரெடிமேட் சுடிதார் எதை வாங்கினாலும் ஸ்லீவ் மணிக்கட்டுக்கு மேலே நிற்பதன் காரணம் இருபது வயதில்தான் தெரிந்தது. உடனே ஜூனியருக்கு போன் போட்டேன். ‘‘ஏய்... எந்திரி. சுவத்துல நின்னு கையைத் தூக்கு. அம்மாவை அளக்கச் சொல்லு.’’ தூக்கக் கலக்கத்தில் ‘‘அக்கா, உங்களுக்கு என்னக்கா ஆச்சு?’’ என்றாலும் பாவம், அளந்து அனுப்பினாள். நின்றபடி கையைத் தூக்கினால் அவளுக்கு 238. எனக்கு 234. தலையில் 9 சென்டிமீட்டர் வித்தியாசம், விரல் நுனியில் 4 ஆகச் சுருங்கிவிட்டது!

சந்தோஷத்தில் குதித்தேன். குட்டை அண்ணன் சிரிக்கவில்லை. ‘‘சரி, இப்ப கால்’’ என்றார்.

கட்டத்தின் அகலம் 4.9 மீட்டர். குறுக்கே, கால் பின்னாமல், உட்கார்ந்த வாக்கில் பக்கவாட்டில் நகர வேண்டும். முப்பது செகண்டில் எத்தனை கோடு தொடுகிறாய் என்று எண்ணுவோம் என்றார். முதலில் அவர் செய்தார். 16. அடுத்து நான். பத்து செகண்டிலேயே தொடை எரிந்தது, இடுப்பு தன்னால் நிமிர்ந்தது, ஒரு தடவை என் காலே என் காலைத் தட்டிவிட்டது. 11.

‘‘ஏழு வருஷமா ஒரே இடத்துல நின்னுட்டே இருந்தியா?’’

‘‘ஆமாண்ணா.’’

‘‘தெரியுது.’’

அப்புறம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். 3-ம் நம்பர் ஆளை மடக்கும்போது ரொம்ப நெருங்காதே. நெருங்கினால் அவள் ஒரு எட்டில் உன்னைத் தாண்டிவிடுவாள். உன் கை நீளம், அதனால் அரை அடி தள்ளி நின்றாலும் அவள் ஷூட் பண்ணினால் உன் விரல் அங்கே போகும். அந்த அரை அடிதான் உன் ஸ்லோ காலுக்குக் கிடைக்கிற நேரம். ஓடிப் போய் மறிக்கும்போது கடைசி ரெண்டு எட்டைச் சின்னச் சின்னதாக வை, இல்லையென்றால் நீயே தாண்டிப் போய்விடுவாய். ரிங்குக்குக் கீழே மாட்டிக்கொண்டால் கையைத் தூக்கி நேராக மேலே எம்பு. உன் இடத்துக்குள் நீ நேராக எம்பினால், அவள் வந்து இடித்தாலும் உனக்கு ஃபவுல் இல்லை.

‘‘5-ல எனக்குக் குடுக்கணும்னு கோச்கிட்ட கேக்கவாண்ணா? 4 சென்டிமீட்டர்தானே வித்தியாசம்?’’

நெட்டை அண்ணன்தான் பதில் சொன்னார். ‘‘நானும் ஸ்கூல்ல நெட்டை, அதனால ரிங்குக்குக் கீழ நின்னேன். இன்னைக்கும் அங்கதான் நிக்கிறேன். இன்னும் நாலு வருஷத்துல என்னைவிட நெட்டையா ஒருத்தன் வருவான். அப்ப எனக்குப் போக வேற இடம் தெரியாது. உனக்கு இருபது வயசுதானே? கத்துக்கோ.’’

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவரே டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, ‘‘சரி, லெஃப்ட் ஹேண்ட்ல ட்ரிபிள் பண்ணு பாப்போம்’’ என்றார். பண்ணினேன். பந்து என் ஷூ மேலேயே பட்டு ரோடு வரைக்கும் ஓடியது. ரெண்டு பேரும் சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

திரும்புகிற பஸ்

நாலு நாள் இருந்தேன். தினமும் காலையில் கட்டத்தின் குறுக்கே நகர்ந்தேன். கடைசி நாள் 13. சாயங்காலம் கண்டக்டர் தாத்தா பக்கத்தில் இடம் பிடித்தேன். ‘‘இப்ப யார் காலைப் பாக்குற?’’ என்று கேட்பார், விரலைக் காட்டுவேன், சரியென்றால் கொஞ்சம் கடலை தருவார். தப்பென்றாலும் தந்தார்.

ஜூலையில் என்ன ஆகும் என்று தெரியாது. இடது கை இன்னும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. 187 என்ற நம்பரைக் காட்டி கோச்சிடம் சீட் கேட்கப் போவதில்லை. அதுவும் ஒரு கோடுதானே! ஆனால் ‘3-க்கு மாறிடு’ என்று அவர் சொன்னபோது தண்டனையாகக் கேட்டது, இப்போது அப்படிக் கேட்கவில்லை. ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

சித்தி கட்டிக் கொடுத்த மாம்பழப் பையோடு மதுரை பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு அம்மா. பக்கத்தில் ரெட்டை ஜடையோடு ஒரு சிறுமி. கண்டக்டர் வந்தார்.

‘‘ஒரு ஃபுல்லு, ஒரு ஆஃப் குடுங்க.’’

‘‘பாப்பாவை நிக்கச் சொல்லும்மா.’’

சிறுமி எழுந்து கம்பியோரம் நின்றாள். தலை கோட்டைத் தாண்டியிருந்தது. ‘‘எட்டு வயசுதான் சார். ஆளுதான் வளந்துட்டா...’’ என்று அந்த அம்மா ஆரம்பித்தார். கண்டக்டர் பேசாமல் ரெண்டு ஃபுல் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். சிறுமி தன்னால்தான் காசு கூடப் போனது என்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும்.

பையிலிருந்து ஒரு மாம்பழத்தையும் ஸ்டீல் டேப்பையும் எடுத்துக்கொண்டு முன்னால் எட்டிப் பார்த்தேன்.

‘‘பாப்பா... ரெண்டு கையையும் நல்லா விரி பாப்போம்!’’